வீட்டு சார்ஜிங்: அடாப்டருக்கு முன் சாக்கெட்டைப் பாருங்கள்

மின்சாரக் காரை வீட்டிலேயே சார்ஜ் செய்வதற்கென்று விற்கப்படும் கருவிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். ஒரே பிளக் நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட போர்ட்டபிள் சார்ஜர் முதல் வகை. பிளக் தலையைக் கழற்றி வேறொன்றை மாட்டிக்கொள்ளக்கூடிய போர்ட்டபிள் சார்ஜர் இரண்டாவது. பிளக்கே இல்லாமல் வீட்டு வயரிங்கோடு நேரடியாக இணைக்கப்படும் வால்பாக்ஸ் மூன்றாவது. இவற்றைத் தவிர, ஒரு வகை பிளக்கை இன்னொரு வகை சாக்கெட்டில் செருகுவதற்கென்று தனியாக விற்கப்படும் அடாப்டர்கள் ஏராளம். அவற்றுள் பெரும்பாலானவற்றை வாங்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. சொந்த வீட்டில் தினமும் ஒரே இடத்தில் காரை நிறுத்துபவருக்கு வால்பாக்ஸையும், வாடகை வீட்டில் இருப்பவருக்கும் அடிக்கடி இடம் மாறுபவருக்கும் தலை மாற்றத்தக்க போர்ட்டபிள் சார்ஜரையும் பரிந்துரைப்பேன். ஆனால் இரண்டில் எதை எடுத்தாலும், செலவிடும் பணத்தில் முதல் பங்கு சாக்கெட்டுக்கும் அதற்கு வரும் சர்க்யூட்டுக்கும் போக வேண்டும், மிச்சம்தான் கருவிக்கு.

வீட்டு மின்சாரத்தை மின்கலத்துக்கு ஏற்ற நேர்மின்சாரமாக மாற்றும் வேலை காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜருடையது. சுவருக்கும் காருக்கும் நடுவே இருக்கும் பெட்டி, எர்த் இணைப்பு இருக்கிறதா, மின்கசிவு இல்லாமல் இருக்கிறதா என்று சோதித்து மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது. எத்தனை ஆம்பியர் வரை இழுக்கலாம் என்று காருக்குத் தெரிவிக்கிறது. அதற்கு மேல் பெரிதாக எதுவும் செய்வதில்லை. ஆம்பியர் பற்றிய செய்தி, பைலட் எனப்படும் ஒரு மெல்லிய கம்பியில், வினாடிக்கு 1000 முறை நேருக்கும் எதிருக்கும் மாறும் சதுர அலையாகச் செல்கிறது. அந்த அலை நேர்ப்பக்கத்தில் நிற்கும் நேரம் 10 சதவீதம் என்றால் 6 ஆம்பியர், ஏறத்தாழ 27 சதவீதம் என்றால் 16 ஆம்பியர், 53 சதவீதம் என்றால் 32 ஆம்பியர் என்று கார் புரிந்துகொள்ளும். சொன்ன அளவை அது மீறுவதில்லை. ஆனால் பெட்டி சொல்லும் எண் அந்த வீட்டு வயரிங்குக்குப் பொருந்துமா என்பதைக் கார் அறியாது. தன் பின்னால் என்ன சாக்கெட் இருக்கிறது என்பது, யாராவது சொன்னாலொழிய, பெட்டிக்கும் தெரியாது.

அதைச் சொல்ல வேண்டியது பிளக் தலைதான். நல்ல போர்ட்டபிள் சார்ஜரையும் மோசமானதையும் பிரிக்கும் கோடு இங்கேதான் விழுகிறது. டெஸ்லாவின் மொபைல் கனெக்டரை எடுத்துக்கொண்டால், வட அமெரிக்கச் சாக்கெட்டுகளுக்கான அதன் ஒவ்வொரு தலையும் தான் யார் என்பதைப் பெட்டிக்குத் தெரிவிக்கிறது: சாதாரண 15 ஆம்பியர் சாக்கெட்டுக்கான நெமா 5-15 (நெமா என்பது அங்குள்ள பிளக்-சாக்கெட் தரத்தின் பெயர்) தலையை மாட்டினால் பெட்டி தானாகவே 12 ஆம்பியரில் நின்றுகொள்கிறது, துணி உலர்த்தும் இயந்திரத்துக்கான நெமா 14-30 தலைக்கு 24 ஆம்பியர், மின் அடுப்புக்கும், தங்கும் வசதியுள்ள ஆர்வி வாகனங்களுக்குமான நெமா 14-50 தலைக்கு 32 ஆம்பியர். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் லோடு சர்க்யூட்டின் அளவில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற அமெரிக்க விதியிலிருந்து முதல் இரண்டு எண்களும் வருகின்றன. மூன்றாவதற்கு விதிப்படி 40 வரை இடமிருந்தாலும், பெட்டியின் சொந்த வரம்பு 32. தலைக்குள் ஒரு வெப்ப உணரியும் இருப்பதால், பிளக் சூடேறினால் பெட்டி ஆம்பியரைக் குறைக்கும், மேலும் சூடேறினால் நிறுத்திவிடும். 2022 ஏப்ரல் முதல் இதைக் காரோடு சேர்த்துத் தராமல் தனியாக விற்கத் தொடங்கினார்கள். வாங்குபவருக்கு அது ஒரு குறை என்றாலும், கருவியின் வடிவமைப்பில் நான் குறை சொல்ல மாட்டேன். வேறு நிறுவனங்களின் சார்ஜர்களைப் பார்க்கும்போது, தலை தன்னை அடையாளம் சொல்கிறதா, தலைக்குள்ளேயே வெப்பம் அளக்கப்படுகிறதா என்ற இந்த இரண்டையும் கருவியின் விவரக் குறிப்பில் தேடிப் பாருங்கள். ஆம்பியரை ஒரு பட்டனை அழுத்தித் தேர்ந்தெடுக்க வேண்டிய சார்ஜர் இதைவிட ஒரு படி கீழானது, ஏனெனில் நேற்று வேறொரு வீட்டில் வைத்த 32ஐ இன்று இந்த வீட்டில் குறைக்க ஒருவர் மறக்காமல் இருக்க வேண்டும்.

இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் தனி அடாப்டர்களின் சிக்கலும் இதுதான். ஒரு முனையில் பெரிய சாக்கெட், மறுமுனையில் சிறிய பிளக், நடுவில் ஒரு சாண் கம்பி. உள்ளே எந்த அறிவும் கிடையாது. பெரிய பிளக் கொண்ட சார்ஜரை இதன் வழியாகச் சிறிய சாக்கெட்டில் செருகும்போது, பெரிய சாக்கெட்டில் இருப்பதாகவே சார்ஜர் நம்பிக்கொண்டிருக்கும். தவறு நடந்தால் பிரேக்கர் விழுந்துவிடாதா என்று கேட்பவர்கள் பிரேக்கரின் தர விதியைப் படித்திருக்க மாட்டார்கள். எம்சிபி எனப்படும் வீட்டு பிரேக்கர்களுக்கான ஐஇசி 60898 என்ற சர்வதேசத் தரத்தின்படி, குறிப்பிட்ட அளவைப் போல் 1.13 மடங்கு மின்னோட்டத்தில் பிரேக்கர் ஒரு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும், 1.45 மடங்கில்தான் ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் விழ வேண்டும். 20 ஆம்பியர் பிரேக்கருக்கு இது 22.6, 29 ஆம்பியர் என்று கணக்காகிறது. சார்ஜர் 32 ஆம்பியர் இழுத்தால் பிரேக்கர் விழும், அது நல்ல காலம்; 24 இழுத்தால் விழலாம், விழாமலும் இருக்கலாம், விழாத பட்சத்தில் 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்று இரவு முழுவதும் ஒன்றரை மடங்கு மின்னோட்டத்தைச் சுமந்துகொண்டிருக்கும். அதோடு, பிரேக்கர் காப்பது சுவருக்குள் போகும் கம்பியைத்தான். பிளக்கின் முள்ளும் சாக்கெட்டின் பித்தளை நாக்கும் தொடும் இடத்தில் என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரிய வழியே இல்லை.

அந்தத் தொடும் இடத்தைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். மின்தடை உள்ள இடத்தில் உருவாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. ஒரு முள்ளுக்கும் நாக்குக்கும் இடையே 0.01 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொண்டால், 10 ஆம்பியரில் அங்கு 1 வாட் வெப்பம் உண்டாகும், 16 ஆம்பியரில் 2.5 வாட்டுக்குச் சற்று மேல், 32 ஆம்பியரில் 10 வாட். நாக்கின் பிடி தளர்ந்தோ, திருகு லூசாகியோ அந்தத் தடை 0.05 ஓம் ஆகிவிட்டால், 32 ஆம்பியரில் 51 வாட். சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்றைச் சாக்கெட்டுக்குள் விட்டுவைத்ததற்குச் சமம். தண்ணீர் சூடாக்கும் கெட்டிலும் இதே சாக்கெட்டில் 10 ஆம்பியர் வரை இழுக்கத்தான் செய்கிறது, ஆனால் சில நிமிடங்களில் நின்றுவிடுகிறது. கார் எட்டு மணி நேரம் விடாமல் இழுக்கிறது. சூட்டில் நாக்கின் ஸ்பிரிங் தன்மை குறைகிறது, உலோகப் பரப்பு கறுக்கிறது, தடை மேலும் கூடுகிறது, சூடும் கூடுகிறது. கருகிய சாக்கெட்டுகளின் கதை பெரும்பாலும் இந்த வட்டத்தில்தான் தொடங்குகிறது.

ஆகவே சாக்கெட்டைத் தேர்ந்தெடுக்கும்போது, மேலே அச்சிடப்பட்ட ஆம்பியர் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. வீட்டுச் சாக்கெட்டில் 16 என்று போட்டிருந்தாலும், ஐரோப்பிய வகைச் சாக்கெட்டுகளுக்கான போர்ட்டபிள் சார்ஜர்கள் பெரும்பாலும் 8 அல்லது 10 ஆம்பியரிலேயே நிறுத்தப்படுகின்றன. 13 ஆம்பியர் ஃபியூஸ் கொண்ட பிரிட்டிஷ் பிளக்கிலும் 10தான். பயந்து குறைத்த எண்ணாக இதைப் பார்க்காமல், அந்தச் சாக்கெட்டின் உண்மையான தாங்கும் சக்தியாகப் பாருங்கள். மாறாக, ஐஇசி 60309 தரத்திலான வட்ட வடிவத் தொழிற்சாலைச் சாக்கெட்டுகள், அதாவது ஒற்றை ஃபேஸுக்கான நீல நிறமும் மூன்று ஃபேஸுக்கான சிவப்பு நிறமும், 16 அல்லது 32 ஆம்பியரை நெடுநேரம் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டவை. முள் தடிமனானது, பிடி இறுக்கமானது, மூடி இருப்பதால் மழைச்சாரலும் உள்ளே போகாது. போர்ட்டபிள் சார்ஜரை முழுமையாகப் பயன்படுத்த விரும்பும் ஒருவர் எலெக்ட்ரீஷியனிடம் ஒரே ஒரு சாக்கெட் வைக்கச் சொல்ல வேண்டுமென்றால், அது தனி சர்க்யூட்டில் உள்ள 32 ஆம்பியர் நீலச் சாக்கெட்டாக இருக்கட்டும் என்பேன். வட அமெரிக்காவில் அந்த இடத்தைப் பிடித்திருப்பது நெமா 14-50. அதில் ஓர் எச்சரிக்கை உண்டு: ஒரே எண் கொண்ட சாக்கெட்டுகளில் அடுப்புக்கென்று செய்யப்பட்ட மலிவு வகையும், தொழிற்சாலைத் தரத்திலான கனமான வகையும் அருகருகே விற்கப்படுகின்றன. ஹப்பெல் 9450ஏ போன்ற கனமான வகையின் விலை பல மடங்கு என்றாலும் அதையே வாங்க வேண்டும், ஏனெனில் அடுப்பின் பிளக்கை யாரும் தினமும் பிடுங்குவதில்லை, அடுப்பு நள்ளிரவு முதல் விடியற்காலை வரை தொடர்ந்து எரிவதும் இல்லை. அங்குள்ள பழைய வீடுகளில் காணப்படும் மூன்று முள் நெமா 10-30 சாக்கெட்டில் தனி எர்த் கம்பியே கிடையாது. தலை கிடைக்கிறது என்பதற்காக அதில் தொடர்ந்து சார்ஜ் செய்வதைவிட அந்தச் சாக்கெட்டை மாற்றிவிடுவது நல்லது.

எவ்வளவு நல்ல சாக்கெட்டாக இருந்தாலும், பின்பக்கத் திருகுகளை உற்பத்தியாளர் குறிப்பிட்ட முறுக்கு அளவுக்கு, அதற்கென்ற அளவுத் திருப்புளியால் இறுக்காவிட்டால் அத்தனையும் வீண். பெரும்பாலான எலெக்ட்ரீஷியன்கள் கைக்கணக்கில்தான் இறுக்குகிறார்கள். முறுக்களவுத் திருப்புளி இருக்கிறதா என்று கேட்டால் சிலர் முகம் சுளிக்கக்கூடும், கேட்டுவிடுங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டியின் எடை முழுவதும் பிளக்கில் தொங்குவது இன்னொரு வழக்கமான தவறு. ஒரு கிலோவுக்கும் மேற்பட்ட எடை பிளக்கை நாள்தோறும் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டிருந்தால் மேல் பக்கத் தொடர்பு தளர்ந்துபோகும். பெட்டியைத் தாங்கச் சுவரில் ஒரு கொக்கி அடித்தால் முடிந்தது. முடிந்தவரை பிளக்கைச் சாக்கெட்டிலேயே விட்டுவைத்து, கார்ப் பக்கத்தை மட்டும் கழற்றி மாட்டுவது நாக்கின் ஆயுளைக் கூட்டும்.

இனி எத்தனை ஆம்பியர் தேவை என்ற கேள்வி. பெரும்பாலோர் இதில் தேவைக்கு மேல் வாங்குகிறார்கள். சராசரி மின்சாரக் கார் 100 கிலோமீட்டருக்கு 15 முதல் 20 யூனிட் எடுத்துக்கொள்ளும். நாளுக்கு 50 கிலோமீட்டர் ஓடுபவருக்கு எட்டு முதல் பத்து யூனிட் போதும். 230 வோல்ட்டில் 10 ஆம்பியர், அதாவது 2.3 கிலோவாட், நான்கைந்து மணி நேரத்தில் அதைக் கொடுத்துவிடும். 16 ஆம்பியரில் 3.7 கிலோவாட், 32 ஆம்பியரில் 7.4 கிலோவாட். மூன்று ஃபேஸில் 16 ஆம்பியருக்கு 11 கிலோவாட்டும் 32க்கு 22 கிலோவாட்டும் வரும் என்றாலும், பெரும்பாலான கார்களின் ஆன்போர்டு சார்ஜர் 7 அல்லது 11 கிலோவாட்டுக்கு மேல் வாங்கிக்கொள்ளாது. 22 கிலோவாட் என்று பெரிய எழுத்தில் விளம்பரப்படுத்தப்படும் சார்ஜரை வாங்கி, 7 கிலோவாட் கார் ஒன்றில் மாட்டுவதால் ஒரு நிமிடம்கூட மிச்சமாவதில்லை. மறுமுனையில், வட அமெரிக்க வீடுகளின் 120 வோல்ட் 12 ஆம்பியர் இணைப்பு 1.44 கிலோவாட்தான் தருகிறது. சார்ஜ் ஏறும் நேரம் முழுவதும் காரின் பம்புகளும் மின்னணுப் பகுதிகளும் விழித்திருந்து தமக்கென்று கொஞ்சம் எடுத்துக்கொள்வதால், இவ்வளவு மெதுவாக ஏற்றும்போது வீணாகும் பங்கு கூடுகிறது. குறைந்த தூரம் ஓடுபவருக்கு அதுவும் சமாளிக்கக்கூடியதே, ஆனால் குளிர் மிகுந்த இடங்களில் மின்கலத்தைச் சூடாக்குவதிலேயே பெரும்பகுதி போய்விடும்.

தவிர்க்க வேண்டிய பொருட்களில் முதலாவது, எர்த் இல்லாத வீட்டில் சார்ஜரை ஏமாற்றுவதற்கென்று விற்கப்படும் அடாப்டர். நியூட்ரலை எர்த் முள்ளோடு உள்ளுக்குள் இணைத்து, எர்த் இருப்பது போன்ற தோற்றத்தை அது உண்டாக்குகிறது. அந்நிலையில் நியூட்ரல் கம்பி எங்காவது அறுந்தால் காரின் உடல் முழுவதும் மின்சாரம் பாயக்கூடும். சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டி மறுக்கிறது என்றால் அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, குறை வீட்டில் இருக்கிறது, எர்த் குழியைச் சரிசெய்வதே பரிகாரம். அடுத்தது, வெவ்வேறு ஃபேஸில் உள்ள இரண்டு 120 வோல்ட் சாக்கெட்டுகளை இணைத்து 240 வோல்ட் எடுக்கும் இரட்டைவால் அடாப்டர். புத்திசாலித்தனமான யோசனைதான், இருந்தாலும் இரண்டு சர்க்யூட்டுகள், இரண்டு பிரேக்கர்கள், இரண்டு மடங்கு தொடர்புப் புள்ளிகள் என்று தவறு நடக்கும் வாய்ப்பையும் அது இரட்டிப்பாக்குகிறது. டைமர் சாக்கெட்டுகளும் வைஃபை பிளக்குகளும் 16 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும், உள்ளே மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறிய ரிலே இரவு முழுதும் அந்த லோடைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. சார்ஜ் தொடங்கும் நேரத்தைக் காரிலேயே அமைத்துக்கொள்ளலாம். சுருட்டிய எக்ஸ்டென்ஷன் கார்டைப் பற்றி எல்லோரும் அறிவார்கள், ஆனாலும் பயன்படுத்துகிறார்கள்.

கார்ப் பக்க அடாப்டர்கள் வேறு கதை. டைப் 1 எனப்படும் ஜே1772 சார்ஜிங் துப்பாக்கியை (காரில் செருகும் கைப்பிடி முனை), டெஸ்லாவின் என்ஏசிஎஸ் வகை வாய் கொண்ட காரில் மாட்டும் அடாப்டரில் பைலட் கம்பி அப்படியே கடந்து செல்வதால், ஆம்பியர் பற்றிய செய்தி கெடுவதில்லை. கார் நிறுவனமே தருவதாகவோ அங்கீகரித்ததாகவோ இருந்தால் தயங்காமல் பயன்படுத்தலாம். மாறுமின்சாரத்துக்கான இந்த அடாப்டரை விரைவு சார்ஜிங் நிலையத்தில் மாட்ட முயலக் கூடாது, அங்குள்ள நேர்மின்சாரத்துக்குத் தனி அடாப்டர் வேண்டும். ஐரோப்பிய வகையான டைப் 2 கேபிள்களில் இன்னொரு நுட்பம் உண்டு: கேபிளின் தடிமனைச் சொல்வதற்குப் பிளக்குக்குள் ஒரு ரெசிஸ்டர் வைக்கப்பட்டிருக்கும், 680 ஓம் என்றால் 20 ஆம்பியர், 220 ஓம் என்றால் 32 ஆம்பியர். மெல்லிய கம்பி போட்டு 220 ஓம் ரெசிஸ்டரை வைத்து விற்கும் பெயர் தெரியாத கேபிள் என்ன செய்யும் என்பதை மேலே பார்த்த கணக்கே சொல்லிவிடும். இரண்டு அடாப்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதை எந்த நிறுவனமும் ஏற்பதில்லை.

வால்பாக்ஸுக்கு நான் முதலிடம் தருவதன் காரணம் வேகம் அன்று, பிளக்கும் சாக்கெட்டும் இல்லாமல் போவதுதான். தளரக்கூடிய நாக்கு இல்லை, தினமும் பிடுங்கும் கை இல்லை. வட அமெரிக்காவில் இதற்கு இன்னொரு லாபமும் உண்டு: பிளக்கில் மாட்டும் சார்ஜர் 50 ஆம்பியர் சாக்கெட்டில் 40 ஆம்பியரோடு நின்றுவிட, நேரடியாக வயர் செய்யப்பட்ட பெட்டி அதற்கு மேலும் போகலாம், டெஸ்லாவின் மூன்றாம் தலைமுறை வால் கனெக்டர் 60 ஆம்பியர் சர்க்யூட்டில் 48 ஆம்பியர் தருகிறது, சார்ஜ்பாயின்ட் ஹோம் ஃப்ளெக்ஸ் பிளக்கோடு 40, நேரடி இணைப்பில் 50. கசிவுப் பாதுகாப்பிலும் வித்தியாசம் உண்டு. சார்ஜருக்குள்ளேயே ஒரு கசிவு உணரி இருக்க, சாக்கெட் சர்க்யூட்டிலும் விதிப்படி இன்னொன்று வைக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்து, காரணமில்லாமல் மின்சாரம் விழுவது உண்டு. அதிகாலையில் கார் பாதி சார்ஜோடு நிற்பதைக் கண்டு சார்ஜரைக் குறை சொல்பவர்கள் இதையும் சோதிக்க வேண்டும். ஐரோப்பிய வகை இணைப்புகளில் கேட்க வேண்டிய கேள்வி, 6 மில்லிஆம்பியர் நேர்மின்கசிவைப் பெட்டியே கண்டறிகிறதா என்பது. காரிலிருந்து திரும்பிவரும் நேர்மின்கசிவு வழக்கமான டைப் ஏ ஆர்சிசிபியின் (மின்கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) உணர்வை மழுங்கடித்துவிடும். பெட்டிக்குள் அந்தப் பாதுகாப்பு இல்லையென்றால் விலை கூடுதலான டைப் பி ஆர்சிசிபி வாங்க வேண்டியிருக்கும், அப்போது மலிவான வால்பாக்ஸ் மலிவாக இராது.

கம்பியில் மிச்சம் பிடிப்பதும் அப்படிப்பட்ட மிச்சம்தான். மெயின் போர்டிலிருந்து கார் நிற்கும் இடம் 20 மீட்டர் என்றால், போகவும் வரவும் 40 மீட்டர் கம்பி. 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் அது ஏறத்தாழ 0.12 ஓம், 32 ஆம்பியரில் கிட்டத்தட்ட 4 வோல்ட் குறைந்து, 126 வாட் சுவருக்குள் சூடாகப் போய்விடும். தூரம் இதைவிடக் கூடினாலோ, வெயில் நேரே விழும் குழாய் வழியே கம்பி போனாலோ, 10 சதுர மில்லிமீட்டருக்கு மாறுவதைப் பரிசீலிக்கலாம். அந்த சர்க்யூட்டில் வேறு எதுவும் இணைக்கப்படக் கூடாது. மெயின் இணைப்பே சிறியது என்றால், வீட்டின் மொத்த லோடை அளந்து காருக்குக் கொடுக்கும் ஆம்பியரைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள வால்பாக்ஸ் அதன் கூடுதல் விலைக்குத் தகுதியானது. ஏசியும் கெய்சரும் ஒன்றாக ஓடும்போது கார் 6 ஆம்பியருக்கு இறங்கி, அவை நின்றதும் மீண்டும் ஏறும். செயலி, வண்ண விளக்கு, குரல் கட்டளை போன்றவற்றுக்காக நான் கூடுதல் பணம் கொடுக்க மாட்டேன். திறந்த வெளியில் மாட்டுவதானால் பெட்டியில், தூசியும் நீரும் புகாமல் காக்கும் அளவைச் சொல்லும் ஐபி55 அல்லது அதற்கு மேற்பட்ட எண் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். சாக்கெட்டில் செருகிய நிலையில் பிளக்குக்கும் அதே பாதுகாப்பு இருக்கிறதா என்பதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும், முதல் முறை முழு ஆம்பியரில் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு பிளக்கின் முகப்பையும் பிரேக்கரையும் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். இளஞ்சூடு இயல்பு, கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அப்போதே நிறுத்திவிட்டு, ஆம்பியரைக் குறைத்து ஓட்டிப் பார்க்கலாம் என்று ஒத்திப்போடாமல், எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சாக்கெட்டைத் திறந்து பார்ப்பதே முறை. சூடேறிக் குளிரும்போது கம்பி விரிந்து சுருங்குவதால், சில மாதங்கள் கழித்து மெயினை அணைத்துவிட்டுத் திருகுகளின் இறுக்கத்தை மறுபடி ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லி, அதை முதல் வேலையின் கூலியிலேயே சேர்த்துப் பேசிக்கொள்ளலாம்.